பரிவு யார் பக்கம் சாய்கிறது?

முதியோர் இல்ல நிர்வாகக் குழுவில் இருப்பவர்களிடம் இரக்கத்துக்குப் பஞ்சமில்லை. அது யார் பக்கம் சாய்கிறது என்பதில்தான் சிக்கல். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வட்டிக் கடன் என்று பணியாளர்கள் தங்கள் கஷ்டத்தை நம்மிடம் சொல்லிவிடுகிறார்கள். பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடப்பவர் எதையும் சொல்வதில்லை.

எங்கள் இல்லத்தில், தானாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, நேரமிட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒரு நாள் காலை, அப்படிப்பட்ட ஒரு பாட்டியின் பதிவேட்டைப் பார்த்தபோது, இரவு பத்து முதல் காலை ஆறு வரைக்கான ஐந்து கையெழுத்துகளும் ஒரே மூச்சில் போட்டவை போல ஒரே சாய்வில் இருந்தன. பாட்டியின் இடுப்புக்குக் கீழே, விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. படுக்கைப்புண்ணின் தொடக்கம் அதுதான். தோல் கிழிவதற்குள் கவனித்தால் ஆற்றிவிடலாம், விட்டால் எலும்பு வரை அரித்துவிடும்.

இரவுப் பணியில் இருந்த அக்கா எதையும் மறைக்கவில்லை. "மாத்திவிட ஆள் வரல சார். பகல்லயும் நான்தான் பார்த்தேன். பன்னெண்டுக்கு மேல கண்ணு அசந்துடுச்சு" என்றார்.

குழுவில் ஒருவர் "பாவம், விட்டுவிடலாம்" என்றார். இன்னொருவர் வேலையை விட்டு அனுப்பச் சொன்னார். எதிரெதிராகத் தோன்றினாலும், பகல் முழுதும் உழைத்தவரையே இரவிலும் நிறுத்திய பணிப்பட்டியலை இருவருமே தொடவில்லை. அயர்ந்து தூங்கியது குற்றமல்ல என்பதே என் கட்சி. ஆனால் பொய்க் கையெழுத்தைப் பொறுக்க முடியாது, ஏனெனில் காலையில் வரும் செவிலியர் அதை நம்பினால் பாட்டியின் முதுகைப் பார்க்கவே மாட்டார். அதனால் கையெழுத்துக்காக அவருக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கையும், அந்தப் பணிப்பட்டியலுக்கு ஒப்புதல் அளித்த மேலாளரிடம் விளக்கமும் என்று முடிவாயிற்று. மேலாளருக்கு வருத்தம்தான்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு ஏர்வாடியும் ஒரு காரணம். 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டத்தின் அந்த ஊரில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இத்தகைய காப்பகங்களுக்கு உரிமம் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. கட்டிப்போட்டவர்களைக் கேட்டால், எங்காவது ஓடித் தொலைந்துவிடக் கூடாதே என்ற அக்கறையைத்தான் காரணமாகச் சொல்லியிருப்பார்கள். அந்த அக்கறையைப் போய்ப் பார்த்து, கேள்வி கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது தீக்குப் பிறகு. சங்கிலியிடுவதை மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்தது 2017இல்.

இப்போது எங்கள் இல்லத்தில் மாற்று ஆள் வராவிட்டால், பகல் பணி முடித்தவர் வீட்டுக்குப் போய்விடலாம். மேலாளர் வந்து நிற்க வேண்டும், அவராலும் முடியாவிட்டால் குழு உறுப்பினர் ஒருவர். பதிவேட்டில் இருவருக்கும் தனித்தனியாகக் கையெழுத்துக் கட்டம் சேர்த்திருக்கிறோம்.