வார்க்கா ஜாடி

நேற்று இரவு வெகுநேரம் வார்க்கா ஜாடியின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈராக்கின் ஊருக் நகரில், இனான்னா தெய்வத்தின் கோயில் வளாகத்தில் கிடைத்தது. அலபாஸ்டர் கல்லில் குடைந்தது. சுமார் 1 மீட்டர் உயரம், சுமார் 5,000 வருடப் பழசு.

ஜாடியைச் சுற்றி வரிசை வரிசையாகச் சிற்பங்கள். அடியில் நெளிநெளியாகத் தண்ணீர். அதன்மேல் பயிர். அப்புறம் வரிசையாக ஆடுகள், கிடாவும் பெட்டையும் மாறிமாறி. அதற்கும் மேலே உடம்பில் துணியில்லாத ஆண்கள், காணிக்கைக் கூடைகளை நெஞ்சோடு அணைத்தபடி நடக்கிறார்கள். உச்சியில் கோயில் வாசல். நாணல் கட்டுத் தூண்கள் இரண்டு, முன்னால் ஒரு பெண். இனான்னாவோ, அவளுடைய பூசாரியோ.

என் கண் போய் நின்றது அதே வரிசையில் அரசன் இருந்த இடத்தில். அங்கே கல் உடைந்துவிட்டது. பாதமும் ஆடையில் கொஞ்சமும்தான் மிச்சம். ஆனால் பின்னால் வரும் பணியாள் அவன் இடைக்கச்சையின் குஞ்சத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறான்! அதைப் பார்த்ததும் மனசு என்னவோ செய்துவிட்டது.

2003 ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது இதை உடைத்து எடுத்துப் போனார்கள். ஜூனில் ஒரு காரில் வந்து சேர்ந்தது, துண்டுதுண்டாக. திரும்ப ஒட்டினார்கள். விளிம்பில் அதைவிடப் பழைய ஒட்டு ஒன்று இருக்கிறது. பண்டைக் காலத்திலேயே உடைந்து, தூக்கிப்போட மனமில்லாமல் யாரோ சரிசெய்து வைத்தது.