வாட்டம், காரை, வெண்கல மூக்கு: ரோமுக்குத் தண்ணீர் வந்த விதம்

ரோமானியர்களைப் படிக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் பேரரசர்களையும் போர்களையும் எடுத்துக்கொண்டு உட்காருகிறார்கள். யார் கேட்டாலும் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். அவர்களுடைய சட்டம், பணம், அடிமை உழைப்பு, பொறியியல், திருட்டு எல்லாமே ஒரு வாய்க்காலுக்குள் அகப்பட்டுவிடும்.

ஊற்றுநீரை நகரத்துக்குக் கொண்டுவந்த ரோமானிய நீர்வழி என்றதும் உயர்ந்த வளைவுகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் கி.மு. 144-இல் தொடங்கிய ஆக்வா மார்சியாவைப் பாருங்கள். அதன் நீளம் சுமார் 91 கி.மீ. அதில் ஏறத்தாழ 80 கி.மீ. மண்ணுக்கடியில் ஓடியது. ரோமின் முதல் நீர்வழியான ஆக்வா ஆப்பியா (கி.மு. 312) 16 கி.மீ.க்கு மேல் நீளம். தரைக்கு மேலே தெரிந்தது 100 மீட்டர்கூட இல்லை. மண்ணுக்குள் போனால் வெயில் படாது, எதிரியின் கண்ணிலும் படாது. பள்ளத்தைக் கடக்கும்போது உயரத்தை இழக்கக் கூடாது என்ற கட்டாயம் வந்தால்தான் வளைவு கட்டினார்கள். புகைப்படங்கள் நமக்குக் காட்டுவது அந்தக் கட்டாயத்தை மட்டும்.

உண்மையான வித்தை வாட்டத்தில், அதாவது வாய்க்காலின் சரிவில், இருக்கிறது. தெற்கு பிரான்சில் நீம் நகரத்துக்குப் போன நீர்வழியில்தான் புகழ்பெற்ற போன் து கார் பாலம் நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 49 மீட்டர். ஊற்றிலிருந்து நகரத்துக்கு நேர்கோட்டில் 20 கி.மீ.தான். குன்றுகளைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் 50 கி.மீ. போகிறது. இத்தனை தூரத்துக்கும் மொத்த இறக்கம் 12, 13 மீட்டர். அதாவது கிலோமீட்டருக்குச் சராசரி 25 செ.மீ. வாட்டம் கூடினால் தண்ணீர் வேகமெடுத்து உட்பூச்சை அரிக்கும். குறைந்தால் வண்டல் தங்கி வாய்க்கால் அடைபடும்.

மட்டம் பார்க்க ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் பரிந்துரைக்கும் கருவி கோரோபேட்ஸ். 20 அடி நீள மரச்சட்டம், இரு முனைகளிலும் கால்கள், அவற்றில் தொங்கும் தூக்குக்குண்டுகள். காற்றடித்தால் குண்டு ஆடும். அதற்காகச் சட்டத்தின் மேல்பக்கத்தில் 5 அடி நீளம், ஒரு விரல் அகலம், ஒன்றரை விரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி, இரு ஓரத்தையும் ஒரே சீராகத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் ஒரு ஆபத்து உண்டு. ஒருமுறை வைத்துப் பார்ப்பதில் 1 மி.மீ. பிசகு, அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகப் பிசகினால், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 17 செ.மீ. ஆகிவிடும். கிடைத்திருக்கும் வாட்டமே 25 செ.மீ. என்னும்போது அது எவ்வளவு பெரிய பிழை என்று பாருங்கள்.

பிசகினால் என்ன ஆகும் என்பதற்குக் கல்வெட்டுச் சாட்சியே இருக்கிறது. இன்றைய அல்ஜீரியாவில் சால்டே என்ற ஊருக்கு மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவர கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் திட்டமிட்டவர் நோனியஸ் டேட்டஸ், படையில் மட்டம் பார்க்கும் நிபுணர். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் குடைந்தார்கள். இரண்டு குழுவுமே தத்தம் வலப்பக்கமாக விலகிவிட்டன. குடைந்த நீளத்தைக் கூட்டிப் பார்த்தால் மலையின் அகலத்தைவிட அதிகம்; சுரங்கம் மட்டும் சந்திக்கவே இல்லை. கைவிடும் நிலையில், ஓய்வுபெற்றிருந்த டேட்டஸைத் திரும்ப வரவழைத்தார்கள். வரும் வழியில் கொள்ளையர் தாக்கி, உடைமைகளைப் பறித்து, காயப்படுத்தி அனுப்பினார்கள். அப்படியும் வந்து சேர்ந்து, குடைய வேண்டிய திசையைச் சரிசெய்து, கடற்படையினரையும் துணைப்படையினரையும் போட்டி போட வைத்துச் சுரங்கத்தை இணைத்தார். இதையெல்லாம் அவரே லாம்பேசிஸ் என்ற ஊரில் கல்லில் வெட்டி வைத்தார். ரோமானியப் பொறியாளர் ஒருவர் தம் குரலில் பேசுவது அபூர்வம். என்னைப் பொறுத்தவரை எந்த வெற்றித் தூணைவிடவும் மதிப்புள்ள கல் அது.

வாய்க்காலின் உட்புறம் சுண்ணாம்போடு இடித்த ஓட்டுத்தூள் கலந்த காரையால் பூசப்பட்டது. தண்ணீருக்கு அசையாத பூச்சு இது. தரையும் சுவரும் சேரும் மூலையில் உருண்டையாக ஒரு கரை கட்டியிருப்பார்கள். விரிசல் முதலில் விடும் இடம் அந்த மூலைதான். சுண்ணச்சத்து மிகுந்த ஊற்றுநீர் சுவரில் படிந்துகொண்டே வரும். நீம் வாய்க்காலில் இந்தப் படிவு சில இடங்களில் அரை மீட்டரை நெருங்குகிறது. ஆள் இறங்கிச் செதுக்கி எடுக்காவிட்டால் வாய்க்கால் ஒடுங்கிக்கொண்டே போகும்.

பராமரிப்பைப் பற்றி நமக்கு அதிகம் சொல்கிறவர் ஃபிரான்டினஸ். பேரரசர் நெர்வா கி.பி. 97-இல் அவரை நகரின் நீர் ஆணையராக நியமித்தார். அவர் கையில் இருந்த அடிமைப் பணியாளர்கள் 700 பேர்: பேரரசர் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா தொடங்கிய குழுவில் 240, பேரரசர் க்ளாடியஸ் சேர்த்த குழுவில் 460. பழுதுபார்ப்பது ஏப்ரல் முதல் தேதிக்கும் நவம்பர் முதல் தேதிக்கும் இடையில், கடும் வெயில் நாட்களை விட்டுவிட்டு. உறைபனியைப் போலவே கொளுத்தும் வெயிலும் காரையைக் கெடுக்கும் என்கிறார். ஒரு நேரத்தில் ஒரு நீர்வழியைத்தான் நிறுத்த வேண்டும் என்பதும் அவர் விதி.

திருட்டைப் பற்றி அவர் எழுதியிருப்பது இன்னும் நுணுக்கம். தனியார் வீட்டுக்கு இணைப்பு தரும்போது தொட்டியில் 12 விரல் நீளமுள்ள வெண்கல மூக்கு, அதாவது ஒரு குட்டைக் குழாய், பொருத்தி முத்திரையிட வேண்டும். ஈயத்தை எளிதில் அகட்டிவிடலாம், வெண்கலத்தை முடியாது. அந்த மூக்கிலிருந்து 50 அடி வரை அதே விட்டத்தில்தான் குழாய் போக வேண்டும். உடனே பெரிய குழாயை மாட்டினால் கூடுதல் தண்ணீர் இழுக்கும். மூக்கைத் தாழ்வாக வைத்தாலும் அப்படித்தான். இணைப்பு உரிமை வாரிசுக்கோ வீட்டை வாங்கியவருக்கோ போகாது. புதியவர் மறுபடி அனுமதி பெற்றதும் நீர்ப் பணியாளர்கள் புதுத் துளை போடுவார்கள், பழைய துளையை அடைக்காமல் அந்தத் தண்ணீரை விற்பார்கள். தெருவுக்கடியில் ஓடும் குழாய்களில் ஓட்டை போட்டு விற்றவர்களும் இருந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஃபிரான்டினஸ் தண்ணீரைக் குழாயின் வாய்ப் பரப்பை வைத்து அளந்தார். வேகம் கூடினால் தண்ணீரும் கூடும் என்று தெரிந்திருந்தும் வேகத்தை அளக்க அவரிடம் வழி இல்லை. ஆகவே ரோமுக்கு நாளொன்றுக்கு இத்தனை கோடி லிட்டர் வந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால் முழுதாக நம்பிவிடாதீர்கள்.

ரோமுக்குப் போனால் போர்ட்டா மஜ்ஜோரே வாயிலின் பக்கவாட்டில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஆக்வா க்ளாடியாவின் வாய்க்காலும் அதன் தலைமேல் ஆனியோ நோவுஸின் வாய்க்காலும் வெட்டுமுகமாகத் தெரியும். முகப்பில் மூன்று பேரரசர்களின் கல்வெட்டுகள் உண்டு. இரண்டையும் கட்டி முடித்ததாக கி.பி. 52-இல் க்ளாடியஸ் சொல்கிறார். க்ளாடியா ஒன்பது ஆண்டுகள் சிதைந்து நின்றுபோய் இருந்ததாகவும் தம் செலவில் மீட்டதாகவும் 71-இல் வெஸ்பேசியன் சொல்கிறார். ஊற்று முதலே மறுபடி பழுதாகிவிட்டதென்று 81-இல் டைட்டஸ் திரும்பவும் சரிசெய்கிறார். பார்க்கப் போகிறவர்கள் நேராக அண்ணாந்து முதல் கல்வெட்டோடு நிறுத்திவிடாமல், கீழே இருக்கும் மற்ற இரண்டையும் நிதானமாகப் படியுங்கள்.