கராஜில் வளரும் இறக்கை

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு கராஜில் இப்போது காருக்கு இடமில்லை. பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் ஆர்வி-7 கிட் விமானத்தின் இடது இறக்கை அங்கே ஸ்டாண்டில் நிற்கிறது. இந்த வாரம் ரிப்களை (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்) ஸ்பாரோடு (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) சேர்த்து ரிவெட் என்னும் உலோக ஆணி அடிக்கிறோம். நான் ரிவெட் அடிக்கும் கன்னைப் பிடிக்க, மறுபக்கம் மகள் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்கிறாள். அடிபட்டு விரிந்த தலையின் அகலம் ரிவெட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கும், உயரம் பாதியும் இருக்க வேண்டும். அளந்து பார்ப்பது அவள்தான். சரியில்லை என்றால் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிப்போம். அதில் தயவு தாட்சண்யமே கிடையாது.

“உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள், பிரைமர் பூச்சு எதற்கு?” என்று கேட்கிறார்கள். டர்பனின் உப்புக்காற்று அலுமினியத்துக்கு எமன். தகட்டின் மேல் மெல்லிய தூய அலுமினியப் பூச்சு உண்டுதான். ஆனால் வெட்டிய விளிம்பிலும் துளைகளிலும் அது இருக்காது. அரிப்பு அங்கேதான் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு விளிம்பையும் தேய்த்து வழவழப்பாக்கி, கழுவி, பிரைமர் அடித்த பிறகே பொருத்துகிறோம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இதை விடக்கூடாது.

அப்புறம், சனிக்கிழமை மேல்தகடு பொருத்துகிறோம். தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். வாருங்கள், மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான்.