வன்னி வெயிலிலும் புழுதியிலும் நாலு த்ரொட்டில்: ஐரிபி பூட்டுகிற ஆக்களுக்கு

ஓமந்தை தாண்டினால் ஏ9 நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்கும். சட்டப்படி 70 கி.மீ. ஐந்தாம் கியரில் 1.6 லீற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றை ஒட்டி ஓடும். எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ரொட்டில் மூன்று நாலு சதவீதம் திறந்தாலே காணும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி த்ரொட்டில் பொடி, அதாவது ஐரிபி, பூட்டிய கார் ஆகக் கூடுதலாக மக்கர் பண்ணுவதும் அந்த மூன்று நாலு சதவீதத்தில்தான். யூரியூப்பில் 8,000 சுற்றில் கத்துகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு சாமான் ஓடர் பண்ணும் பெடியளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேலையின் முக்கால்வாசி அந்தச் சின்னத் திறப்பைச் சரிக்கட்டுவதற்கே போகும்.

ஏன் அப்படி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 55 மி.மீ. ஒற்றைத் த்ரொட்டிலின் பரப்பு ஏறத்தாழ 2,375 சதுர மி.மீ. 45 மி.மீ. த்ரொட்டில் நாலு சேர்ந்தால் 6,360. அதாவது 2.7 மடங்கு. பெடலை அதே அளவு மிதித்தால் காற்று அந்தளவுக்குக் கூடுதலாகப் பாயும். 2,500 சுற்றில் 30 சதவீதம் திறந்தபிறகு மிச்ச 70 சதவீதத்தைத் திறந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. எல்லா மாற்றமும் முதல் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கேபிள் இழுக்கும் த்ரொட்டில் சக்கரத்தை வட்டமாக விடாமல் நத்தை ஓடு போல ஆரம்பத்தில் மெதுவாக இழுக்கும் வடிவில் லேத்தில் செய்வித்தால் பாதித் தலையிடி குறையும். இதைச் செய்கிறவர்கள் குறைவு. செலவோ மிகச் சொற்பம்.

சக்தி கூடுமா? வால்வைத் திறக்கும் கம்சாப்டை பக்ரறியில் வந்தபடியே வைத்துக்கொண்டு ஐரிபி மட்டும் பூட்டினால் சத்தமும் பெடலின் துடிப்பும் கூடும், குதிரைச் சக்தி பெரிதாகக் கூடாது. நீளத் திறப்புள்ள கம்சாப்ட், நல்ல எக்ஸோஸ்ட் ஹெடர், தனி ஈசியூ (எஞ்சினை ஆளும் கம்பியூட்டர்) மூன்றும் சேர்ந்தால்தான் இந்தச் செலவுக்கு அர்த்தம். காசு குறைவு என்றால் ஈசியூவையும், எக்ஸோஸ்டில் கலவையை அளக்கும் வைட்பாண்ட் லம்டா சென்சரையும் முதலில் வாங்குங்கள். த்ரொட்டில் பொடி பிறகு வரட்டும்.

எங்கட நாட்டில் லேசான வழி ரொயோட்டாவின் 1.6 லீற்றர் 4ஏ-ஜிஈ எஞ்சின். அதன் 20 வால்வ் வகை 1991 தொடக்கம் பக்ரறியிலேயே நாலு த்ரொட்டிலோடு வந்தது. 1995 தொடக்கம் வந்த கறுப்பு மூடிக்காரனின் கொம்பிரெஷன் 11:1. இந்தத் த்ரொட்டில்களை 16 வால்வ் ஹெட்டில் பூட்ட இடையில் அடாப்டர் பிளேற் தேவை. காற்று நுழையும் போர்ட்டின் வடிவம் வேறு. சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் போன்ற மோட்டார்சைக்கிள் த்ரொட்டில்கள் மலிவு. ஆனால் சைக்கிள் எஞ்சினின் சிலிண்டர் இடைவெளி கார் எஞ்சினோடு ஒத்துவராது. நாலையும் பிரித்து, உங்கள் ஹெட்டின் போர்ட் மையங்களை அளந்து, இடையில் புது ஸ்பேசரும் இணைப்புக் கம்பியும் போட வேண்டும். அளக்காமல் இன்ரநெற்றில் கண்ட இலக்கத்தை லேத்காரரிடம் கொடுக்காதீர்கள்.

பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் கணக்கு: ஒரு குதிரைக்கு நிமிடத்துக்கு 5.25 சிசி வரை பெற்றோல் வேணும். 160 குதிரை இலக்கு என்றால் சிலிண்டருக்கு 40, அதாவது 210 சிசி. இன்ஜெக்டரை 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து ஓட்டக்கூடாது என்பதால் 247 சிசி. 3 பார் அமுக்கத்தில் 250 முதல் 300 சிசிக்குள் எடுத்தால் சரி. 550 சிசி மலிவாகக் கிடைக்கிறது என்று போட்டால் ஐடிலில், அதாவது பெடலை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, இன்ஜெக்டர் ஒரு மில்லி செக்கன் சொச்சம்தான் திறக்கும். அந்தக் குறுகிய நேரத்தில் அது ஒவ்வொரு முறையும் ஒரே அளவு ஊற்றாது.

பூட்டும்போது பிழை வரும் இடங்கள் இரண்டு மூன்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் ஆளைக் கொல்லும். முதலாவது காற்றுக் கசிவு. ஒற்றைத் த்ரொட்டிலில் சின்னக் கசிவு நாலு சிலிண்டருக்கும் பங்குபோகும். இங்கே ஒரே சிலிண்டரின் தலையில் விழும். அந்தச் சிலிண்டர் மட்டும் பெற்றோல் காணாமல் ஓட, லம்டா சென்சர் நாலின் சராசரியைக் காட்டி உங்களை ஏய்க்கும். த்ரொட்டிலை ஹெட்டோடு இணைக்கும் மெனிபோல்டின் முகத்தைத் தட்டைக் கண்ணாடியில் வைத்து 0.05 மி.மீ. பீலர் கேஜ் தகடு நுழைகிறதா என்று பாருங்கள், நுழைந்தால் தேய்ப்பியுங்கள். பூட்டியபின் கொம்பிரெசரை 0.2 பாருக்குக் குறைத்து உள்ளே காற்றுவிட்டு, சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி தேடுங்கள். சூடான எஞ்சினில் கார்ப் கிளீனர் அடித்துக் கசிவு தேடுவது நெருப்போடு விளையாட்டு.

இரண்டாவது, எஞ்சினின் உறிஞ்சலால் பிரேக் மிதிக்கு உதவும் செர்வோ. ஐரிபியும் பெரிய கம்சாப்டும் சேர்ந்தால் மெனிபோல்ட் வெற்றிடம் பலவீனமாகி, ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் துடிக்கும். ஒரே ரன்னரில் (ஒரு சிலிண்டருக்குப் போகும் காற்றுக் குழாய்) இருந்து செர்வோவுக்குக் குழாய் எடுத்தால் பிரேக்கும் கட்டையாகும், அந்தச் சிலிண்டரின் கலவையும் கெடும். நாலு ரன்னரில் இருந்தும் 4 மி.மீ. குழாய்களை ஒரு சின்ன அலுமினியக் கட்டைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒருவழி வால்வ் ஊடாக செர்வோவுக்குக் கொடுங்கள். மெனிபோல்ட் அமுக்க சென்சரும் பெற்றோல் ரெகுலேற்றரும் அதே கட்டையில் இருந்தே எடுக்கலாம். எஞ்சினை நிற்பாட்டி மூன்று முறை பிரேக்கை மிதித்தால் மூன்றாவதிலும் உதவி மிஞ்சியிருக்க வேண்டும். பின்னேரத்தில் கட்டாக்காலி மாடு றோட்டில் படுத்திருக்கும் ஊரில் இதைப் பரிசோதிக்காமல் வெளிக்கிட வேண்டாம்.

மூன்றாவது, த்ரொட்டில் அச்சுக்கு இரண்டு திருப்பு ஸ்பிரிங். ஒன்று அறுந்தாலும் மற்றது மூட வேண்டும். எஞ்சினின் மூச்சுக் குழாயை ஒரு ரன்னரில் செருகாமல் ஒயில் பிடிக்கும் கானுக்கும், அங்கிருந்து எயார் பொக்ஸுக்கும் விடுங்கள்.

இனிப் புழுதி. மல்லாவிப் பக்கமோ நெடுங்கேணிப் பக்கமோ கிரவல் றோட்டில் முன்னால் ஒரு ரிப்பர் போனால் கண்ணாடியே சிவந்துவிடும். அந்தப் புழுதி த்ரொட்டிலின் பட்டர்பிளைத் தகட்டைத் தாண்டினால் முதலில் பிஸ்டன் ரிங்கைத் தின்னும். த்ரொட்டில் வாயில் பூட்டும் ஊதுகுழல் போன்ற ரம்பெட்டைத் திறந்தபடி விட்டால் படத்துக்கு வடிவு, இங்கே ஒரு கோடைக்குத் தாங்காது. ஒவ்வொரு ரம்பெட்டுக்கும் தனித்தனியாகப் போடும் ஸ்பொஞ்ச் உறையும் சரிவராது: பரப்புச் சின்னது, வாயோடு ஒட்டி உறிஞ்சுப்படும், நாலும் ஒரேயளவு அடைபடாததால் சமநிலை குழம்பும்.

மூடிய எயார் பொக்ஸ்தான் தீர்வு. கொள்ளளவு எஞ்சினின் கொள்ளளவைப் போல ஒன்றரை மடங்காவது, 1.6க்கு 2.4 லீற்றருக்கு மேல். ரம்பெட் வாய்க்கும் எதிர்ச் சுவருக்கும் இடையில் குறைந்தது ஒரு த்ரொட்டில் விட்டம், 45 மி.மீ., விட வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் படகுக்கு பைபர் போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அட்டையில் அச்சுச் செய்து கொடுத்தால் பொக்ஸ் செய்யலாம். இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். உட்பக்கத்துக்கு கட்டாயம் ஜெல்கோட் பூச்சு வேணும், உதிரும் கண்ணாடி நார் நேரே எஞ்சினுக்குள் போகும். சாதாரண படகு ரெசின் 65 பாகை செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும், ஆகவே எக்ஸோஸ்ட் வெக்கை அடிக்கும் பக்கத்துக்கு அலுமினியத் தகடு மறைப்பு. பில்டர், கார் எஞ்சினுக்கான பெரிய பனல் பில்டராக இருக்கட்டும். காற்றெடுக்கும் வாயைப் பம்பருக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். மாரியில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும்போது ஒரு கோப்பைத் தண்ணீர் உறிஞ்சினாலே பிஸ்டனைத் தள்ளும் கொன்ரோட் வளையும்.

பில்டர் பிடிக்கிறதா என்று அறிய, பில்டருக்குப் பின்னால் குழாயின் உட்பக்கம் விரல் நுனியளவு கிறீஸ் மெல்லியதாகப் பூசி ஒரு கிழமை ஓடுங்கள். பிறகு வெள்ளைத் துணியால் துடைத்து விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். சிவப்பாக நறநறவென்றால் எங்கோ விளிம்பில் கசிகிறது.

நாலையும் சமப்படுத்துவதற்கு முன் வால்வ் இடைவெளி பாருங்கள். 16 வால்வ் 4ஏ-ஜிஈக்கு குளிர்ந்த எஞ்சினில் இன்டேக் 0.15–0.25, எக்ஸோஸ்ட் 0.20–0.30 மி.மீ. இது பிழையாக இருக்கும்போது த்ரொட்டிலை எத்தனைதரம் திருகினாலும் வீண்.

சமப்படுத்த விலைகூடிய கேஜ் தேவையில்லை. மேசன்மார் மட்டம் பார்க்கிற தெளிந்த ரியூப் மூன்று மீற்றர் வாங்கி, ஒரு பலகையில் யூ வடிவில் அடித்து, அடியில் ரூ-ஸ்ரோக் ஒயில் விடுங்கள். இரண்டு முனையையும் 1ஆம் 2ஆம் ரன்னரின் நிப்பிளில் செருகினால் கூடுதலாக உறிஞ்சும் பக்கம் ஒயில் ஏறும். பழைய கார்பரேற்றர் ஜெட் ஒன்றை இரண்டு பக்கமும் இறுக்கினால் துடிப்பு அடங்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னப் போத்தலை இடையில் போட மறக்காதீர்கள். ஒரு முனை கழன்றால் ஒயில் முழுவதையும் எஞ்சின் குடித்து ஊரையே புகையாக்கும். இதன் கூர்மை அதிகம்: 12 செ.மீ. உயர வித்தியாசம் என்பது வெறும் 1 கிலோபஸ்கல்தான். இரண்டு செ.மீ.க்குள் கொண்டுவந்தால் தாராளம்.

ஒழுங்கு இப்படி: எஞ்சின் வடிவாகச் சூடாகி ரேடியேற்றர் பான் ஒருதரம் சுற்றி நின்றபிறகு, ஐடில் காற்றுக்கான பைபாஸ் திருகாணிகள் எல்லாம் மூடி, 1க்கும் 2க்கும், பிறகு 3க்கும் 4க்கும், கடைசியாக இரண்டு சோடிக்கும் இடையிலுள்ள நடுத் திருகாணி. 1,500இலும் 2,500இலும் மறுபடி பாருங்கள். ஐடிலில் சமமாக நின்று 2,500இல் விலகினால் இணைப்புக் கம்பியிலோ அச்சிலோ ஆட்டம் இருக்கிறது; அதைத் திருகாணியால் மறைக்க ஏலாது. முடிந்ததும் த்ரொட்டில் நிலை சென்சரின் பூச்சியத்தை ஈசியூவில் திரும்பப் பதியுங்கள். ஐடில் திருகாணியைத் தொட்ட ஒவ்வொரு தரமும் இது கட்டாயம்.

ரியூனிங்குக்கு வருவோம். த்ரொட்டில் கோணத்தையும் சுற்றையும் மட்டும் வைத்து பெற்றோல் கணிப்பதுதான் அல்பா-என். அட்டவணையில் த்ரொட்டில் வரிசைகளை 0, 10, 20, 30 என்று சமமாகப் பிரித்தால் ஏ9இல் கார் முழு நேரமும் முதல் இரண்டு வரிசைக்குள்ளேயே ஓடும், இழுத்து இழுத்து விடும். 0, 1.5, 3, 4.5, 6, 8, 11, 15, 22, 35, 60, 100 என்று கீழே நெருக்குங்கள். சென்சர் சிக்னல் 1 சதவீதம் ஆடினாலே இங்கே பெரும்பாலும் ஒரு வரிசை மாறும். ஆகவே அதன் நெகற்றிவ் வயரை பொடியில் இறுக்காமல் ஈசியூவின் சென்சர் எர்த்துக்கே கொண்டுபோங்கள். மெகாஸ்குவர்ட் 3 என்கிற ஈசியூவில் ஐரிபிக்கென்றே ஒரு முறை இருக்கிறது. சின்னத் திறப்பில் மெனிபோல்ட் அமுக்கத்தையும் பெரிய திறப்பில் த்ரொட்டிலையும் வைத்துக் கணிக்கும். றோட்டில் ஓடும் காருக்கு சுத்த அல்பா-என்னைவிட இதுவே மேல்.

வைட்பாண்டுக்கு எல்எஸ்யூ 4.9 சென்சர் காணும். நாலு குழாயும் சேர்ந்தபிறகு, சென்சரில் தண்ணீர் தேங்காதபடி கிடைமட்டத்தில் இருந்து 10 பாகைக்கு மேல் சரித்துப் பூட்டுங்கள். எக்ஸோஸ்ட் கசிந்தாலும் மிஸ்பயர் ஆனாலும் அது பெற்றோல் குறைவு என்றே காட்டும், அதை நம்பி ஊற்றிக்கொண்டே போகக்கூடாது. அதிகாலையில் வாகனம் குறைந்த நேரத்தில், ஓட்டுபவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் லப்ரொப் பார்க்க, ஒரே சுற்றில் ஒரே திறப்பில் பத்துச் செக்கன் பிடித்து ஒவ்வொரு கட்டமாகத் திருத்துங்கள். இதற்கு வன்னியின் மேடுபள்ளமில்லாத றோட்டைப்போல் வாய்ப்பான இடம் வேறில்லை. ஐடில் 13.5–14, குரூஸ் 14.5, முழுத் திறப்பு 12.8 என்று காற்று–பெற்றோல் விகிதம் வைத்தால் சரி. முழுத் திறப்பை மட்டும் றோட்டில் செய்யாதீர்கள். இரண்டாம் கியரிலேயே 70ஐத் தாண்டிவிடும். அதற்குக் கொழும்பில் டைனோ (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தி அளக்கும் மெஷின்) வாடகைக்கு எடுங்கள். திடீர் மிதிக்கான மேலதிகப் பெற்றோலை எல்லாவற்றுக்கும் கடைசியில் தொடுங்கள். அடிப்படை அட்டவணை பிழையாக இருக்கையில் அதைத் தொட்டால் இரண்டு பிழை ஒன்றையொன்று மறைக்கும்.

காற்று வெப்ப சென்சரை மெனிபோல்ட் உலோகத்தில் பூட்டினால் மத்தியானத்தில் கடை வாசலில் பத்து நிமிடம் நிறுத்தி எடுக்கும்போது கார் திணறும். வெளியே 35 பாகை, சென்சர் 65 என்று சொல்லும். ஈசியூ ஏறக்குறைய 9 சதவீதம் பெற்றோலைக் குறைத்துவிடும். சென்சரை எயார் பொக்ஸுக்குள், காற்று நுழையும் வாயருகே வையுங்கள்.

இக்னிஷன் நேரத்தை நீங்கள் அடிக்கக்கூடிய ஆகக் குறைந்த ஒக்ரேன் பெற்றோலுக்கே ரியூன் பண்ணுங்கள். சின்னப் பெற்றோல் செட்டில் 95 முடிந்து 92 மட்டும் இருக்கும் நாள் வரும். 11:1 எஞ்சின் 92இல் முழுத் திறப்பில் நொக் அடிக்கும், அதாவது கலவை தானாக வெடித்துத் தட்டும், ஆகவே இரண்டு மப் (ஈசியூ அட்டவணை) வைத்து சுவிட்சால் மாற்றுவது நல்லது. நொக்கைக் கேட்க, ஏசிக்காரரிடம் ஒரு துண்டுச் செப்புக் குழாய் வாங்கி நுனியைத் தட்டையாக்கி, துளைபோட்டு புளொக் போல்ட்டில் இறுக்கி, மறுமுனையை ரப்பர் ரியூப்பால் காதுமூடிக்குள் விடுங்கள். 81 மி.மீ. போருக்கு நொக் சத்தம் 7 கிலோஹேட்ஸை ஒட்டி வரும். ரின்னில் கல் எறிந்த மாதிரிக் கூர்மையாகக் கேட்கும். நொக் சென்சர் இருந்தால் அதையும் அந்த அலைவரிசைக்கே வையுங்கள்.

புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் ஐடிலைக் கொஞ்சம் உயர்த்திக் கலவையை 14.5க்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். பெரிய கம்சாப்டில் எரியாத பெற்றோல் ஐடிலில்தான் கூடுதலாக வெளியேறும். எஞ்சினையே மாற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்தியிருக்க வேண்டும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. வவுனியாவின் தரைமட்டத்தில் சரிசெய்த அல்பா-என் மப்புக்கு உயரம் தெரியாது. நுவரெலியாவில் காற்றமுக்கம் 80 கிலோபஸ்கல் சொச்சம். ஏறத்தாழ நாலிலொரு பங்கு பெற்றோல் கூடுதலாக விழும், பிளக் கறுக்கும். ஸ்ராட் பண்ணும்போது மட்டும் வெளி அமுக்கத்தை வாசிக்கும் ஈசியூ, வவுனியாவில் வாசித்ததையே ஹற்றன் வரைக்கும் பிடித்துக்கொண்டிருக்கும். வெளி அமுக்கத்துக்கென்று தனியாக இரண்டாவது சென்சர் ஒன்றைப் பூட்டுங்கள். அது வரும்வரை மலையேறும்போது இடையிடையே நிறுத்தி, எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்ராட் பண்ணுங்கள்.