கத்தரிச் செடியில இருக்கறது நல்ல வண்டா கெட்ட வண்டா?

போன வருஷம் ஆடிப் பட்டத்துல மாடியில பத்து குரோ பேக் கத்தரி வெச்சேன். பூ எடுக்கற நேரத்துல புள்ளி வெச்ச குட்டி வண்டுங்க வந்து உக்காந்துச்சு, எனக்கு ஒரே சந்தோஷம், பொறிவண்டு செடிச் சாறை உறிஞ்சற அசுவினிப் பூச்சியத் தின்னும், நமக்கு நண்பன்னு படிச்சிருக்கோம்ல, அதனால ஒண்ணையும் தொடாம விட்டுட்டேன். பத்தே நாள்ல இலையெல்லாம் சல்லடை. துணி காயப்போட மேல வந்த அத்தை ஒரு இலையைப் பறிச்சு வெயிலுக்கு நேரா பிடிச்சாங்க, நரம்பு மட்டும் இருக்கு, பச்சையக் காணோம். "அடியில திருப்பிப் பாரு கண்ணு"ன்னாங்க. மஞ்சளா, உடம்பெல்லாம் முள்ளு முள்ளா புழு மேஞ்சுட்டிருக்கு.

அது எபிலாக்னா வண்டு. பொறிவண்டு குடும்பம்தான், ஆனா இலை தின்னி. முதுகுல 28 புள்ளி வரைக்கும் இருக்கும். எண்ணிட்டு நிக்க வேணாம், பளபளப்பப் பாருங்க. நல்ல பொறிவண்டு கண்ணாடி மாதிரி மின்னும், இது மேல பொடி முடி இருக்கறதால மங்கலா செம்பு நிறத்துல தெரியும். புழுவும் வேற, நல்லதோடது கருப்பா நீளமா குட்டி முதலை மாதிரி ஓடும், இது மஞ்சளா முள்ளோட அதிகம் நகராம ஒட்டிட்டு மேயும். முட்டைதான் குழப்பும், ரெண்டுமே மஞ்சளா இலைக்கு அடியில நட்டு வெச்ச மாதிரி கொத்தா இருக்கும், கத்தரியில அசுவினி இல்லாம இலை சுரண்டியிருந்தா அது பெரும்பாலும் கெட்டதோடதுதான்.

எனக்குக் கை கொடுத்தது கைதான். காலையில வெயில் ஏறதுக்குள்ள வண்டு மந்தமா இருக்கும், ஒரு கிண்ணத்துல சோப்புத் தண்ணி எடுத்து இலைக்குக் கீழ பிடிச்சு செடியத் தட்டினா பொத்து பொத்துன்னு விழும், தொட்டா கால் மூட்டுல இருந்து மஞ்சளா ஒரு தண்ணி விடும், பயப்படாதீங்க. முட்டை இருக்கற இலையக் கிள்ளி அதே கிண்ணத்துல போட்டுடுங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து நிமிஷம், பத்து செடிக்கு அவ்ளோதான் வேலை.

கூடவே வேப்பங்கொட்டைக் கரைசல். 50 கிராம் கொட்டைய இடிச்சு துணியில கட்டி 1 லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறப்போட்டு, காலையில பிழிஞ்சு வடிகட்டி, துளி காதி சோப்பு கரைச்சு அன்னிக்கு சாயங்காலமே அடிச்சிடணும், வெச்சிருந்தா வீரியம் போயிடும். கொட்டை கிடைக்கலன்னா வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்ப முதல்ல கரைச்சுட்டு எண்ணெய் ஊத்துங்க, இல்லன்னா மேல மிதக்கும். இலைக்கு அடியில படணும், அதுதான் முக்கியம், மேலாக அடிச்சு "வேம்பு வேலை செய்யல"ன்னு சொல்றவங்கதான் நிறைய. அடிச்ச உடனே வண்டு சாகாது, தின்றத நிறுத்தும், புழு தோலுரிச்சு வளர முடியாமப் போகும், அதனால வாரம் ஒருதடவ, மூணு வாரம் விடாம அடிங்க. அசுவினியும் நல்ல பொறிவண்டும் இருக்கற செடியில மட்டும் அடிக்காதீங்க.

சாம்பலும் தூவலாம், நான் இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட வாங்கி காலைப் பனி ஈரத்துல லேசாத் தூவினேன், மழை வந்தா போச்சு.

ஒரு விஷயம், பக்கத்துல மணத்தக்காளியோ சுண்டைக்காயோ இருந்தா அதையும் திருப்பிப் பாருங்க. எங்க மாடியில கத்தரி சுத்தமான பிறகும் வண்டு வந்துட்டே இருந்துச்சு, தண்ணி டேங்க் ஓரமா தானா முளைச்ச மணத்தக்காளியில நாலு கொத்து முட்டை இருந்துச்சு.