பஃபர்

நம் சரித்திர வாத்தியார் ராயபுரம் சார் போய்விட்டார் என்று பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது மெல்போர்னில் இன்னும் விடியவில்லை. அவருடைய சொந்தப் பெயரை எழுதினால் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாது. அசோகரில் ஆரம்பித்தாலும் அக்பரில் ஆரம்பித்தாலும், மணி அடிப்பதற்குள் வகுப்பை ராயபுரம் ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.

புத்தகத்தில் இந்திய ரயிலுக்கு இருந்தது ஒரே வரி: 1853, பம்பாய்–தானே. சாருக்கு அதில் தீராத கோபம். "டிக்கெட் வாங்கி ஜனங்க ஏறினது அங்கேதான் முதல்ல, சரி. 1837லயே நம்ம செங்குன்றத்துலேர்ந்து ரோட்டுக்குக் கல்லு ஏத்தி வந்த ரயில் எங்கே போச்சு?" அப்புறம் 1856 ஜூன் 28, கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த ராயபுரம், ஜூலை முதல் தேதியிலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி. பம்பாயிலும் ஹௌராவிலும் அந்த முதல் கட்டடங்கள் போய்விட்டன, நம்முடையது நிற்கிறது என்பார், தூண்களையெல்லாம் தானே தாங்கிப் பிடித்திருப்பதுபோல. பரீட்சையில் இதில் ஒன்றும் வராது.

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் என்னை எழுப்பினார். அப்பா எங்கே வேலை என்றார். ரயில் பெட்டி கேரேஜ் ஒர்க்ஸ் சார், ஃபிட்டர் என்றேன்.

"பெட்டி முனையில ரெண்டு பக்கமும் வட்டமா துருத்திக்கிட்டு இருக்கே பஃபர், அது எதுக்கு?"

தெரியவில்லை. "ரயில்வே சோறு தின்னு வளர்ந்த பையனுக்கு இதுகூடத் தெரியல" என்று பெஞ்ச் மேல் ஏற்றிவிட்டார். வகுப்பே சிரித்தது. இந்த மலரைப் படிக்கிற சிலரும் அன்று சிரித்தவர்கள்தான். "அப்பாகிட்ட கேட்டுட்டு வா. நாளைக்கு நீதான் பாடம் எடுக்கணும்."

சாயங்காலம் சங்கு ஊதி வீட்டுக்கு வந்த அப்பா மண்ணெண்ணெய் தொட்டுக் கை தேய்த்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் கையைத் துடைக்காமலே கரித்துண்டை எடுத்துத் தரையில் படம் போட்டார். இழுப்பது நடுவில் பெட்டிகளை இணைக்கும் ஸ்க்ரூ கப்ளிங். தள்ளுவதைத் தாங்குவது பஃபர், உள்ளே ஸ்பிரிங். கப்ளிங்கை முறுக்கி இறுக்கினால் இரண்டு பெட்டிகளின் பஃபர்களும் முகத்தோடு முகம் ஒட்டும். தளர்வாக விட்டால் பிரேக் போடும்போதெல்லாம் பெட்டியும் பெட்டியும் இடித்துக்கொள்ளும். முகத்துக்குக் கிரீஸ் போட வேண்டும், வளைவில் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு திரும்பணுமே. அம்மா அந்தப் படத்தின் மேலேயே சோற்றுப் பானையை இறக்கிவைத்தாள். அப்பா பானையை நகர்த்திவிட்டு மிச்சத்தையும் சொன்னார்.

மறுநாள் நான் பாடம் எடுத்தேன். சார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். பாராட்டெல்லாம் கிடையாது, 'கப்ளிங்' உச்சரிப்பைத் திருத்தியதோடு சரி. அன்று ஒட்டிய 'பஃபர்' என்ற பெயர் வாட்ஸ்அப் வரை கூடவே வந்துவிட்டது.

ஜனவரியில் ஊருக்குப் போனபோது நாங்கள் சிலர் சாரை நினைத்து வில்லிவாக்கம் பக்கம் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 2002இல் திறந்தது, நம் காலத்தில் இல்லை, இருந்திருந்தால் சார் அங்கேயே குடியேறியிருப்பார். நீராவி எஞ்சின்கள் பளபளவென்று நிற்கின்றன. பிள்ளைகள் குட்டி ரயிலில் கத்திக்கொண்டு சுற்றுகிறார்கள். நான் ஒரு பழைய பெட்டியின் பஃபரைத் தடவிப் பார்த்தேன். துரு ஏறாமலிருக்க பெயின்ட் மேல் பெயின்ட். கிரீஸ் இருக்க வேண்டிய முகம் முழுக்கக் கருப்பு எனாமல், வழிந்து சொட்டிய இடத்தில் அப்படியே காய்ந்திருக்கிறது.

ஐ.சி.எஃப்.பில் ரிட்டையரான நண்பன் சொன்னான்: 2018 ஜனவரியோடு அந்தப் பழைய மாடல் பெட்டி செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். இப்போது எல்.எச்.பி. என்கிற புது மாடல் பெட்டி, நடுவில் ஒரே கப்ளர், இழுப்பும் தள்ளலும் அதற்கே. பக்கவாட்டில் பஃபரே கிடையாது. "உன் பேரு ஸ்கிராப்புக்குப் போயிடுச்சுடா" என்றான்.

அங்கிருந்தே மகளுக்கு வீடியோ கால் போட்டேன். "தாத்தா இதுல என்ன வேலை பண்ணாரு?" என்று கேட்டாள். பஃபரைக் காட்டி, கப்ளிங், ஸ்பிரிங், கிரீஸ் எல்லாம் விளக்கினேன்.

"அப்புறம்?" என்றாள்.

அப்பா கேரேஜ் ஒர்க்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். மெல்போர்னிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் பணம் வந்ததா, மருந்து வாங்கினீர்களா என்று கேட்டிருக்கிறேன். அவர் வேலையைப் பற்றிக் கேட்டது சார் கேட்கச் சொன்ன அந்த ஒரு கேள்விதான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று மகளிடம் சொன்னேன்.