எட்டுப் பேருக்கு ஒரு பந்து

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர் வேலை எனக்கு. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளைப் பெரிய மைதானத்தில் கால்பந்து ஆட விடுவதே இல்லை. கோ-கோ ஆடுகளம் 27க்கு 16 மீட்டர். கம்பங்களைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டால் பக்கத்துக்கு நான்கு பேர் ஆட அளவெடுத்துச் செய்த இடம் அது. கீப்பர் கிடையாது, ஆஃப்சைடு கிடையாது. இரண்டு எட்டு நடக்கும் இடைவெளியில் வைத்த ஸ்கூல் பைகள்தான் கோல் போஸ்ட்.

"என்ன சார், தெருவுல ஆடற மாதிரி இருக்கு, டிவியில வர்ற மாதிரி பதினொரு பேர் ஆட வேணாமா" என்று ஏதாவது ஒரு அப்பா கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். கேட்கட்டும். நான் அவரிடம் கணக்குதான் சொல்வேன். பி.டி. பீரியட் 40 நிமிடம். 22 பேருக்கு ஒரு பந்து என்றால், சமமாகப் பிரித்தாலே ஆளுக்கு இரண்டு நிமிடம் தேறாது. எட்டுப் பேர் என்றால் ஐந்து நிமிடம். அதுவும் பெரிய மைதானத்தில் எங்கே சமமாகப் பிரிகிறது? ஓடத் தெரிந்த இரண்டு மூன்று பேர் எடுத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் விழுந்த மாம்பழத்தை ஈ மொய்க்கிற மாதிரி பந்தைச் சுற்றிக் கூட்டமாக ஓடுவார்கள், அதுவும் முடியாதவன் பின்னால் நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பான்.

தருமபுரிப் பக்கம் ஒரு போட்டிக்கு எங்கள் பிள்ளைகளை அழைத்துப் போனபோது பத்து வயதுக்குட்பட்டவர்களை முழு மைதானத்தில் இறக்கிவிட்டார்கள். கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். கீப்பராக நின்ற பொடியன் கையைத் தூக்கிக் குதித்தாலும் மேல் கம்பி எட்டவில்லை. தலைக்கு மேலே தூக்கி அடித்ததெல்லாம் கோல். இதில் யார் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "சார், எனக்குப் பந்தே வரல சார், நான் ஆடினதா கணக்கா?" என்று கேட்டாள்.

அவளேதான் எங்கள் கோ-கோ ஆடுகளத்தில், எதிரே ஒருவன் அடைத்து நின்றதும், பந்தின் மேல் உள்ளங்காலை வைத்துத் தன் பக்கம் இழுத்து, அப்படியே முதுகைக் காட்டித் திரும்பி, பின்னால் நின்றவனுக்குத் தள்ளிவிட்டாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. யார் சொன்னது என்றதற்கு, "நேரா போனா அவன் புடுங்கிக்கிறான் சார், அதான்." அவ்வளவுதான் காரணம். இடம் சின்னது, ஆள் பக்கத்திலேயே இருக்கிறான், உடனே ஏதாவது செய்தாக வேண்டும். கோன் என்கிற பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து, வரிசையில் நிற்க வைத்து இதையே சொல்லிக் கொடுத்தால் கோனைச் சுற்றத்தான் தெரியும், கோன் காலை நீட்டாது அல்லவா.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. நான்கு பேரில் ஒளிந்துகொள்ள இடமில்லை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை பந்தை விட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், "உன்னாலதான்டா" என்று உடனே ஒரு குரல் வரும். அதனால் நன்றாக ஆடுபவர்களை ஒரு ஆட்டத்திலும் தடுமாறுபவர்களை இன்னொரு ஆட்டத்திலும் விடுகிறேன். மூன்று கோல் பின்தங்கினால் அந்தப் பக்கத்துக்கு ஒரு ஆள் கூடுதல். ஸ்கோர் எழுதி வைப்பதில்லை, ஆனால் பிள்ளைகள் மனதில் எண்ணாமல் இருப்பார்களா என்ன.

இது நம் ஊரில் வசதியில்லாமல் செய்கிற ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்து, அமெரிக்கா எல்லாம் சின்ன வயதுக்குச் சின்ன ஆட்டம் என்று எப்போதோ மாறிவிட்டன. ஜெர்மனி நான்கு உலகக் கோப்பை வென்ற நாடு. அங்கேயே 2024-25 சீசனிலிருந்து மிகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று பேர் ஆட்டம், நான்கு குட்டி கோல், புள்ளிப் பட்டியல் கிடையாது என்று கட்டாயமாக்கிவிட்டார்கள். அதற்கு அங்கேயும் எதிர்ப்பு. அந்த நாட்டுக் கால்பந்து சங்கத்தின் துணைத் தலைவராக இருந்த ஹான்ஸ்-யோவாகிம் வாட்ஸ்கேயே இப்படிப் போனால் பந்தே இல்லாமல் ஆடச் சொல்வார்கள் போல என்று கேலி செய்தார். நம் அப்பாக்கள் பரவாயில்லை. இந்தியாவிலும் 2018இல் சின்னப் பிள்ளைகளுக்கென்றே கோல்டன் பேபி லீக் என்ற கால்பந்துப் போட்டியைத் தொடங்கினார்கள், ஆனால் இந்தப் பக்கம் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

ஆறாம் வகுப்புக்குப் போனால் ஏழு பேர், அப்புறம் ஒன்பது பேர். பதினொன்றுக்கு என்ன அவசரம்?

இப்போதைக்கு என் தலைவலி பந்துதான். பள்ளிக்கு வருவது பெரியவர்கள் ஆடும் 5ஆம் நம்பர் பந்து, 400 கிராமுக்கு மேல் எடை, எட்டு வயதுப் பிள்ளை ஓங்கி உதைத்தால் பந்தைவிடக் கால்தான் நகரும். அதைவிடச் சின்னதான 3ஆம் நம்பர் கேட்டால் கிருஷ்ணகிரிக் கடைக்காரர், "அது பொம்மை பந்து சார், பசங்க ஒரு வாரத்துல கிழிச்சிடுவாங்க" என்று 5ஐயே எடுத்து நீட்டுகிறார். 3ஆம் நம்பரிலேயே நாலு பந்து ஆர்டர் சொல்லி முன்பணம் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.